சிலரின் சிகிச்சையும் பலரின் பணமும்

ஒரு சமுதாயம் தன் பொதுப் பணத்தை எதற்குச் செலவிடுகிறது, எதற்குச் செலவிட மறுக்கிறது என்பது கணக்காளர் மட்டும் தீர்க்கவேண்டிய பிரச்சினையன்று. அச்சமுதாயம் யாரைத் தன்னுள் ஒருவராக மதிக்கிறது, யாரைப் புறத்தே நிறுத்துகிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்வதற்குப் பெருஞ் செலவுகளைவிடச் சிறு செலவுகளே சிலவேளைகளிற் பெரிதும் உதவுகின்றன. பெருந்தொகையை வெட்டும்போது அரசு 'பணமில்லை' என்று கூறலாம். அக்கூற்று உண்மையாகவும் இருக்கலாம். அற்பத் தொகையை வெட்டும்போது அக்காரணம் நில்லாது. அங்கே வேறொரு காரணத்தைத் தேடவேண்டியவர்களாகிறோம்.

கனடா நாட்டின் இரு மாகாணங்களில், ஒன்ராறியோவில் 1998 ஆம் ஆண்டிலும் அல்பேட்டாவில் 2009 ஆம் ஆண்டிலும், திருநரின் சிகிச்சைக்கு அரசு வழங்கிவந்த பணம் நிறுத்தப்பட்டது. பிறப்பின்போது பிறர் குறித்த பாலுக்கும், தாம் யாரென்று தாமே உணரும் பால்நிலைக்கும் இடையே முரண்பாடுடையோரைத் திருநர் என்கிறோம். பணம் நிறுத்தப்பட்டதும் அவர்களுட் சிலர் மனித உரிமை ஆணைக்குழுக்களிடம் முறைப்பாடு செய்தனர். தமக்குத் துன்பம் நேர்ந்தது என்று மட்டும் அவர்கள் கூறவில்லை. தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கூறினர். துன்பம் வேறு, அநீதி வேறு. புயல் வீட்டைச் சாய்த்தால் அது துன்பம். அயலவன் சாய்த்தால் அது அநீதி. துன்பத்திற்கு இரக்கம் கேட்கலாம். அநீதிக்கு நியாயம் கேட்கவேண்டும். அரசு முன்னர் கொடுத்துவந்த ஒன்றைப் பின்னர் நிறுத்துவது இவ்விரண்டுள் எதனைச் சாரும்? அதற்கெதிராக முறைப்பாடு செய்வோர் உரிமை கேட்கின்றனரா, சலுகை கேட்கின்றனரா? இதுவே இங்கு நாம் ஆராயவேண்டிய வினா.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கனடாவின் பொது மருத்துவக் காப்புறுதி ஆள்வோர் மனமுவந்து அளித்த கொடையன்று. சஸ்கச்சுவான் மாகாணத்திலே ரொமி டக்ளஸின் தலைமையிலமைந்த சமதர்ம நோக்குடைய அரசு அதற்கு அடிகோலிற்று. 1962 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, டக்ளஸைத் தொடர்ந்து வூட்ரோ லொயிட் முதலமைச்சராயிருந்த காலத்தில், அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மாகாணத்தின் வைத்தியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 23 நாட்கள் அது நீடித்தது. அரசு தளரவில்லை, திட்டம் நிலைத்தது. 1966 இல் மத்திய பாராளுமன்றம் மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தை இயற்ற, சில ஆண்டுகளுள் நாடெங்கும் அம்முறை பரவிற்று. 1984 ஆம் ஆண்டின் கனடாச் சுகாதாரச் சட்டம், மருத்துவ நோக்கில் அவசியமான வைத்தியசாலைச் சேவைகளுக்கும் வைத்தியர் சேவைகளுக்கும் மாகாணங்கள் காப்புறுதி அளித்தல் வேண்டுமென விதித்தது. ஆயின் எது அவசியம், எது அவசியமன்று என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாகாண அரசுகளின் கையிலேயே விடப்பட்டது.

இத்திட்டத்தின் அடிப்படைத் தத்துவம் எளிது. நோய் யாரை, எப்பொழுது, எவ்வடிவில் தீண்டுமென்பது எவர்க்கும் தெரியாது. ஆகவே யாவரும் தம்மாலியன்றதைப் பொதுவிற் கொடுத்து, தேவையுற்றோர் தம் தேவைக்கேற்பப் பெறுவது என்று ஒரு மக்கட் கூட்டம் தம்முள் உடன்படுகிறது. இவ்வுடன்பாட்டிலே கொடுப்போர் என்றும் பெறுவோர் என்றும் இரு சாதிகள் இல்லை. இன்று கொடுப்பவன் நாளை பெறுவான். இருதய நோயாளியின் சிகிச்சைக்குத் திருநர் ஒருவர் செலுத்திய வரிப்பணமும் செல்கிறது. எனவே, திருநரின் சிகிச்சைக்கு மற்றவர் வரிப்பணம் செல்வதைத் தருமம் என்று அழைப்பது தவறு. நம் நாட்டிலே வறியோர்க்கு அரசு கொடுத்த உதவிப்பணத்தைப் 'பிச்சைச் சம்பளம்' என்று வழங்கிய காலமொன்று இருந்தது. அச்சொல்லிலேயே ஒரு வர்க்கத்தின் பார்வை உறைந்திருந்ததை நாம் அறிவோம். உரிமையைப் பிச்சை என்று பெயரிட்டுவிட்டால், பிறகு அதனைப் பறிப்பது எளிதாகிவிடுகிறது.

ஒன்ராறியோவில் 1995 ஆம் ஆண்டு மைக் ஹரிஸ் தலைமையிலான பழைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. வருமான வரியை 30 வீதத்தாற் குறைப்பதாக வாக்களித்து வந்த அவ்வரசு, அவ்வாண்டிலேயே வறியோர்க்கான சமூக உதவிப்பணத்தை 21.6 வீதத்தால் வெட்டியது. மூன்று ஆண்டுகளின் பின், 1998 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம், பால்மாற்றுச் சத்திரசிகிச்சை பொதுக் காப்புறுதியின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அச்சிகிச்சை அதற்கு முன்னரும் கேட்டவுடன் கிடைக்கும் ஒன்றாய் இருக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்த ஓர் உளமருத்துவ நிறுவனத்தின் அங்கீகாரம் அதற்குத் தேவைப்பட்டது. அந்த அங்கீகாரத்தைப் பெறுவதற்கு ஒருவர் தாம் உணரும் பால்நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் வெளிப்படையாக வாழ்ந்து காட்டவேண்டும். அவ்வாறு வாழ்வதென்றால் தொழிலிடத்திலும், குடும்பத்திலும், தெருவிலும் தம்மை வெளிப்படுத்திக்கொள்வது; வேலையை இழக்கும் ஆபத்தையும், உறவினரை இழக்கும் ஆபத்தையும் ஏற்பது. அரசின் காப்புறுதித் திட்டமே விதித்த இந்த நிபந்தனையை நம்பி, மீள முடியாத படிகளில் ஏறியிருந்தவர் பலர். குறித்த திகதிக்குள் அங்கீகாரம் பெற்று முடித்தோர்க்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. பாதிவழியில் நின்றோர் பாதிவழியிலேயே விடப்பட்டனர். சிகிச்சைக்கான பணம் மறுக்கப்பட்டோருள் நால்வரின் முறைப்பாடுகள் மாகாண மனித உரிமை ஆணைக்குழுவினூடாக நியாயசபையின் முன் சென்றன.

*

இந்த அரசுகளின் பக்கத்திலிருந்து எழக்கூடிய வாதங்களை நாம் நேர்மையாக எடுத்து நோக்குதல் வேண்டும். எதிர்வாதத்தை இலேசானதாகக் காட்டி வெல்வது வாதமாகாது.

முதலாவது வாதம் பற்றாக்குறை பற்றியது. பொதுப் பணம் எல்லையற்றதன்று. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும். ஆகவே அரசு தெரிவு செய்தே ஆகவேண்டும் என்பர். இவ்வாதத்தின் முதற்பகுதியை மறுப்பார் இலர். ஆயின் தெரிவு செய்தே ஆகவேண்டும் என்பதிலிருந்து, எந்தத் தெரிவும் நியாயமானதே என்ற முடிவு பெறப்படாது. தேவையின் கடுமை, சிகிச்சையின் பயன், செலவின் அளவு ஆகியவற்றைக் கொண்டு தெரிவு செய்தால் அது நியாயமான தெரிவு. பெறுவோர் எத்தகையோர் என்பதைக் கொண்டு தெரிவு செய்தால் அது பாரபட்சம்.

அல்பேட்டாவின் கணக்கை நோக்குவோம். 2009 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத வரவு செலவுத் திட்டத்திலே அம்மாகாண அரசு இச்சிகிச்சைக்கான பணத்தை நிறுத்தியது. அதனால் மீதப்படுமெனக் கூறப்பட்ட தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 7 இலட்சம் டொலர். அவ்வாண்டின் சுகாதாரச் செலவோ 1,200 கோடி டொலருக்கு மேற்பட்டது. அஃதாவது மீதப்பட்டது பதினேழாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத தொகை. மாகாண மக்கள் ஏறத்தாழ 36 இலட்சம் பேருக்கும் அதனைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இருபது சதம். இருபது சதத்திற்காக ஒரு மனிதக் கூட்டத்தின் சிகிச்சையை நிறுத்தியவர்கள், பற்றாக்குறையைக் காரணம் காட்டுவதை எவ்வாறு ஏற்பது?

இத்தகைய கணக்கைக் கனடாவின் உயர் நீதிமன்றம் முன்னரும் ஒருமுறை பார்த்ததுண்டு. பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் வைத்தியசாலைகளிலே செவிப்புலனற்றோர்க்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்த அரசு பணம் தர மறுத்தது. எல்றிஜ் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், 1997 ஆம் ஆண்டு, அம்மறுப்பு சமத்துவ உரிமைக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாணம் முழுவதற்கும் ஆகக்கூடிய செலவு ஆண்டுக்கு 1,50,000 டொலர் மட்டுமே என்பதையும், அது சுகாதாரச் செலவில் 0.0025 வீதம் என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. யாவர்க்கும் ஒரே கதவைத் திறந்துவைத்துவிட்டு, அக்கதவினூடே நுழைய இயலாதவரை நோக்கி 'நாம் எவரையும் தடுக்கவில்லை' என்று கூறுவது சமத்துவமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது வாதம் வரி செலுத்துவோரின் மனச்சாட்சி பற்றியது. 'நான் ஒப்பாத ஒன்றுக்கு என் பணம் ஏன் செல்லவேண்டும்?' என்று கேட்பர். இக்கேள்வியிலே ஒரு பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது. புகைத்தவனின் சுவாசப்பைக்கும், குடித்துவிட்டு வண்டியோட்டியவனின் முறிந்த காலுக்கும் பொதுப் பணத்திலேயே சிகிச்சை நடைபெறுகிறது. நோயாளியின் ஒழுக்கத்தை அளந்து பார்த்து அனுமதிக்கும் ஓர் அதிகாரியை நாம் வைத்தியசாலை வாயிலில் நிறுத்துவதில்லை. அவ்வாறு நிறுத்தத் தொடங்கினால் அவ்வாயிலைக் கடந்து செல்லத் தகுதியுடையோர் நம்முள் எத்தனை பேர்? பெரும்பான்மையோரின் விருப்பு வெறுப்பு ஒருவரின் சிகிச்சையைத் தீர்மானிக்குமாயின், அன்றே பொதுக் காப்புறுதி என்ற தத்துவம் உயிரிழந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது நல்லபிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசு மட்டுமே.

மூன்றாவது வாதமே சிந்தனைக்கு உரியது. 'இது நோயன்று, விருப்பம். விருப்பத்திற்குப் பொதுப் பணம் எதற்கு?' என்பது அவ்வாதம். மருத்துவ அறிவு இதற்குத் தெளிவான விடை கூறியிருக்கிறது. பால்நிலை முரண்பாட்டினால் எழும் கடுந்துயர் உண்மையானது என்பதையும், தகுந்தோர்க்கு இச்சிகிச்சை அவசியமானது என்பதையும் மருத்துவ சங்கங்கள் ஏற்றுள்ளன. இதற்குக் காப்புறுதிப் பணம் மறுக்கப்படுவதை எதிர்த்து 2008 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் இங்கே ஒரு கசப்பான முரண்பாடு எழுகிறது. ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டத்திலே அக்காலத்திற் 'பால்நிலை அடையாளம்' என்ற சொல் இருக்கவில்லை. ஆகவே பால், இயலாமை என்ற இரு காரணங்களின் கீழேயே முறைப்பாட்டை முன்வைக்க வேண்டியிருந்தது. தம்மை மனிதராக மதிக்கவேண்டும் என்று கேட்க வந்தவர்கள், அதனைக் கேட்பதற்காகவே தம்மை இயலாதோர் என்று கூறவேண்டியதாயிற்று. உரிமையின் வாயிலுக்குச் செல்லும் வழி ஓர் இழிவின் ஊடாகவே அமைந்திருந்தது.

இம்முரண்பாட்டை உலக சுகாதார தாபனம் பின்னர் வேறொரு வகையில் அணுகியது. 2019 இல் ஏற்கப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டிலே, பால்நிலை முரண்பாடு உளநோய்களின் அத்தியாயத்திலிருந்து நீக்கப்பட்டுப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைக்கப்பட்டது. வகைப்பாட்டிலிருந்து முற்றாக நீக்காததற்குக் காரணம், நீக்கினால் சிகிச்சைக்கான காப்புறுதியும் போய்விடும் என்பதே. இதிலே ஓர் ஆழ்ந்த உண்மை உண்டு. ஒன்று நோயாக இருந்தால்தான் அதற்கு மருத்துவம் வேண்டுமென்பதில்லை. கர்ப்பம் நோயன்று, எனினும் கர்ப்பிணிக்கு வைத்தியர் வேண்டும், மருத்துவமனை வேண்டும், பொதுப் பணம் வேண்டும். 'நீ நோயாளியா?' என்று கேட்பது தவறான கேள்வி. 'இச்சிகிச்சையின்றி உன்னால் நலமாக வாழ இயலுமா?' என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

*

இனி, ஒன்ராறியோ நால்வரின் முறைப்பாட்டிற்கு நேர்ந்த முடிவை நோக்குவோம். சிகிச்சை நீக்கப்பட்டு எட்டு ஆண்டுகளின் பின், 2006 ஆம் ஆண்டில், நியாயசபையின் விரிவான தீர்ப்பு வெளிவந்தது. பணம் நிறுத்தப்பட்ட வேளையில் அங்கீகார நெறியின் ஊடே சென்றுகொண்டிருந்த மூவருக்கு அநீதி இழைக்கப்பட்டதெனவும், அவர்களது சிகிச்சைச் செலவை அரசு ஏற்கவேண்டுமெனவும் பெரும்பான்மைத் தீர்ப்புக் கூறிற்று. நான்காமவருக்கு அத்தகைய ஆறுதல் கிட்டவில்லை. சிகிச்சையைப் பட்டியலிலிருந்து நீக்கிய செயலே பாரபட்சமானது என்ற முடிவுக்குப் பெரும்பான்மையினர் செல்லவில்லை. அதுவே பாரபட்சமென்று மாறுபட்ட தீர்ப்பொன்று எழுதப்பட்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் அறநோக்கை ஓர் உவமையால் விளக்கலாம். ஓடக்காரன் ஒருவன் ஆற்றின் நடுவிலே திடீரென ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஓடத்தில் இருப்போரை நோக்கி 'இனி நீந்திச் செல்லுங்கள்' என்கிறான். நியாயசபை வந்து, 'ஏற்றிய பயணிகளை அக்கரை சேர்க்கவேண்டியது உன் கடன்' என்று தீர்ப்பளிக்கிறது. இது நல்ல தீர்ப்பே. நம்பிக்கை ஊட்டிவிட்டு நடுவழியிற் கைவிடுவது கொடுமை என்பதை அது ஏற்கிறது. ஆயின் கரையிலே காத்து நிற்போரின் நிலை என்ன? அவர்களுக்கும் அக்கரையிலேயே வாழ்வு இருக்கிறது. முன்னர் ஏறியவர்களுக்கும் இவர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு திகதி ஒன்றே. சட்டம் இங்கே காத்தது வாக்குறுதியை, தேவையை அன்று. வாக்குறுதியை மீறுவது பிழை என்பது வணிகரும் ஏற்கும் அறம். தேவையுடையோரைப் பாரபட்சமாக விலக்குவது பிழை என்பது அதனினும் உயர்ந்த அறம். முதலாவதோடு நியாயசபை நின்றுவிட்டது.

நியாயசபையின் தயக்கத்திற்கும் காரணமுண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஓட்டன் வழக்கிலே, 2004 ஆம் ஆண்டு, சில குழந்தைகளுக்கான ஒருவகைச் சிகிச்சைக்குப் பணம் கோரிய பெற்றோரின் கோரிக்கையைக் கனடாவின் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. மருத்துவ நோக்கில் அவசியமான சிகிச்சைகள் யாவற்றுக்கும் அரசு பணம் தரும் என்று சட்டம் எவர்க்கும் வாக்களிக்கவில்லை என்பது அதன் முடிவு. எதற்குச் செலவிடுவது என்பதை மக்கள் தெரிந்தெடுத்த சபையே தீர்மானிக்க வேண்டும். நீதிபதிகள் தீர்மானித்தால் அது மக்களாட்சிக்கு முரண் என்ற எண்ணம் இத்தகைய தீர்ப்புகளின் பின்னே நிற்கிறது. மக்களாட்சியை மதிக்கும் எவரும் இதனைப் புறக்கணிக்க முடியாது.

ஆனால் மக்களாட்சி என்பது தலைகளை எண்ணும் கணக்கு மட்டுமா? இருதய நோயாளரின் சிகிச்சையை எந்த அரசும் துணிந்து வெட்டாது. அவர்கள் இலட்சக்கணக்கினர், அவர்கள்பால் அனுதாபமுடையோர் அதனினும் பலர். ஆண்டுக்குச் சிலரே பெறும் ஒரு சிகிச்சையை வெட்டினால் எத்தொகுதியிலும் வாக்கு வீழாது; அச்சிலர் பிறரின் ஏளனத்திற்கு ஆளானவர்களாயின் வாக்குக் கூடவும் கூடும். இந்நிலையில் 'சபையிடம் முறையிடுங்கள்' என்று அவர்களுக்குக் கூறுவது, பசித்தவனைப் பூட்டிய கடைக்கு அனுப்புவது போன்றதாகும். வாக்கினால் வெல்ல முடியாத அளவுக்குச் சிறிய கூட்டத்தினர்க்கும் ஆட்சியாளரை நிறுத்தி வினவும் வழியொன்று மக்களாட்சியில் இருத்தல் வேண்டும். முறைப்பாடு அத்தகைய வழி. சபையின் அதிகாரத்தை அது பறிப்பதில்லை. அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்குக் காரணம் கேட்கிறது. 'ஏன் எங்களை?' என்ற கேள்விக்கு அரசு பகிரங்கமாக விடை கூறவேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது.

*

முற்போக்காளர் நடுவிலிருந்தும் ஒரு வாதம் எழுவதுண்டு. அதனையும் மறைக்காது கூறுதல் நன்று. தனிமனித உரிமை முறைப்பாடுகள் முதலாளித்துவச் சட்டத்தின் விளையாட்டு. கோடிக்கணக்கான உழைப்பாளரின் பிரச்சினைகள் இருக்க, ஒரு சிலரின் பிரச்சினையில் நேரத்தைச் செலவிடுவது போராட்டத்தைச் சிதறடிப்பதாகும் என்பது அவ்வாதம்.

இதற்கு விடை ஒன்ராறியோவின் பிந்திய வரலாற்றிலேயே இருக்கிறது. 1998 இல் திருநரின் சிகிச்சை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது, அது தம்மைத் தீண்டாத சிறு விடயமென்று பலர் வாளாவிருந்திருப்பர். ஆறு ஆண்டுகளின் பின், 2004 ஆம் ஆண்டில், வேறொரு கட்சியின் அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலே வளர்ந்தோரின் வழமையான கண் பரிசோதனையையும் முதுகெலும்புச் சீராக்கற் சிகிச்சையையும் பட்டியலிலிருந்து நீக்கியது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கான காப்புறுதியையும் சுருக்கியது. அல்பேட்டாவில் அதற்கு அவ்வளவு காலமும் தேவைப்படவில்லை. 2009 இன் அதே வரவு செலவுத் திட்டத்திலேயே முதுகெலும்புச் சீராக்கற் சிகிச்சைக்கான பணமும் நிறுத்தப்பட்டது. பொதுச் சொத்தைக் குலைக்க முனைவோர் பலமான மூலையில் தொடங்குவதில்லை. காவலில்லாத மூலையிலேயே தொடங்குகின்றனர். பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கலாம், எவரும் கேட்கமாட்டார் என்ற பாடத்தை அவர்கள் அங்கே கற்றுக்கொள்கின்றனர். ஆகவே சிலரின் சிகிச்சையைக் காப்பது பலரின் சிகிச்சையைக் காப்பதன் முதற்படியுமாகும்.

அன்றியும், இது வர்க்கப் பிரச்சினையன்று என்று யார் கூறினார்? பொதுப் பணம் நிறுத்தப்பட்டதனால் சிகிச்சையே இல்லாமற் போய்விடவில்லை. பணமுடையவர் தனியார் மருத்துவமனையில் அதனை விலைக்கு வாங்க முடிந்தது. வேண்டின் வெளிநாடு சென்றும் பெற முடிந்தது. வேலையிழந்தவர், குடும்பத்தாற் கைவிடப்பட்டவர், குறைந்த கூலிக்கு உழைத்தவர் ஆகியோரே அதனை இழந்தனர். பால்நிலையின் பெயரால் ஒதுக்கப்பட்டோருள் ஏழைகளே ஒதுக்கலின் முழுப் பாரத்தையும் சுமந்தனர். இதனை வர்க்கப் பிரச்சினையன்று என்று தள்ளுபவர் வர்க்கம் என்ற சொல்லைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவராதல் வேண்டும்.

எனினும் முறைப்பாட்டின் வரம்பை நாம் மறத்தல் ஆகாது. எட்டு ஆண்டுகள் காத்திருந்து மூவருக்கு நியாயம் கிடைத்தது. முறைப்பாடு செய்தோர் தம் உடலின் அந்தரங்கத்தையும், மனத்தின் வேதனையையும், குடும்பத்தின் பிளவையும் அந்நியர் முன்னே சான்றாக வைக்க வேண்டியிருந்தது. இருதய நோயாளி எவரும் தம் இருதயம் சிகிச்சைக்கு அருகதையுடையதென்று சபை முன் நிறுவவேண்டியதில்லை. இவர்கள் நிறுவவேண்டியிருந்தது. அந்த வேறுபாடே அநீதியின் ஒரு பகுதி.

இறுதியில் ஒன்ராறியோவில் 2008 ஆம் ஆண்டு இச்சிகிச்சை மீண்டும் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அது நியாயசபையின் கட்டளையால் நிகழ்ந்ததன்று. அரசின் முடிவால் நிகழ்ந்தது. 2012 இல் பால்நிலை அடையாளமும் பால்நிலை வெளிப்பாடும் அம்மாகாண மனித உரிமைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டன. 2016 இல், ரொறன்ரோவின் ஒரே நிலையத்திடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற கட்டாயம் தளர்த்தப்பட்டு, மாகாணத்தின் ஏனைய தகுதிவாய்ந்த மருத்துவத் துறையினரிடமும் பெற வழி செய்யப்பட்டது. அல்பேட்டாவிலும், முறைப்பாடுகளும் எதிர்ப்பும் தொடர்ந்த பின்னர், 2012 ஆம் ஆண்டிற் பணம் மீள வழங்கப்பட்டது. 2017 இல் மத்திய மனித உரிமைச் சட்டமும் பால்நிலை அடையாளத்தை ஏற்றது.

இவ்வரிசையைப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. முறைப்பாடு தனித்து நின்று வெல்லவில்லை. இயக்கமும் முறைப்பாடின்றி வென்றிராது. முறைப்பாடு அநீதிக்குப் பெயரிட்டது. அதனைப் பகிரங்கமான ஆவணத்தில் எழுதிவைத்தது. 'இது வெறும் சிக்கன நடவடிக்கை' என்ற திரையைக் கிழித்தது. அமைப்புகளும் தோழமையுடையோரும் அந்த ஆவணத்தைக் கையிலேந்தி ஆட்சியாளரை நெருக்கினர். சட்டத்தின் வாயிலில் நிற்போரை நோக்கித் தெருவில் நிற்போரும், தெருவில் நிற்போரை நோக்கிச் சட்டத்தின் வாயிலில் நிற்போரும் ஏளனம் செய்வது இரு சாராருக்கும் இழப்பே.

மீளப் பெற்றது மீண்டும் பறிபோகாது என்ற உறுதியும் இல்லை. திருநராய் உள்ள இளையோரின் சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை அதே அல்பேட்டாவின் சட்டசபை 2024 ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. ஓர் அமைச்சர் கொடுத்ததை இன்னோர் அமைச்சர் எடுக்கலாம் என்ற நிலை இருக்கும்வரை அது சலுகையே. எவராலும் காரணங் காட்டாது எடுக்க முடியாது என்ற நிலை வரும்போதுதான் அது உரிமையாகிறது. சலுகை உரிமையாக மாறும் அப்பாதையிலே முறைப்பாடு ஒரு மைல்கல்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். அரசு எந்தச் சேவையையும் ஒருபோதும் மாற்றக்கூடாது என்பது நம் வாதமன்று. யாவர்க்கும் பொதுவான அளவுகோலால் அளந்து, காரணங் கூறி, பாரத்தை யாவர் மீதும் பகிர்ந்து ஒரு சேவையைக் குறைப்பின் அது துன்பமாகலாம், அநீதியாகாது. எண்ணிக்கையிற் சிறியர், மதிப்பில் தாழ்த்தப்பட்டோர், எதிர்க்க வலுவற்றோர் என்பதனாலேயே ஒரு கூட்டத்தினரின் சிகிச்சையைப் பொதுவிலிருந்து விலக்கின் அது அநீதி. அவர்கள் செய்யும் முறைப்பாடு இரந்து கேட்பதன்று. தாமும் பங்கு செலுத்திய பொது உடன்பாட்டைக் காட்டி, அதன்படி நடவுங்கள் என்று கேட்பது.

இலவசக் கல்வியாலும் இலவச மருத்துவத்தாலும் வளர்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. பொதுவானவை என்று நாம் பெருமையோடு கூறும் சேவைகளின் பெறுமதியை அளப்பதற்கு, அவை பெரும்பான்மையோர்க்கு என்ன கொடுக்கின்றன என்று பார்ப்பது மட்டும் போதாது. நாம் அறியாத, நமக்கு விளங்காத, நம்முட் சிலர் வெறுக்கவும் செய்கின்ற ஒருவர் அவ்வாயிலில் வந்து நிற்கும்போது அக்கதவு திறக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அங்கே திறக்காத கதவு, பொதுக் கதவு என்ற பெயருக்கு உரியதன்று.